வீச்சு கூடினால் விளையாட்டு என்னவாகும்?

அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு என்பது நம் முன்னோர் வாக்கு. விளையாட்டிலுமா அவ்வாக்குப் பலிக்கும் என்று சிலர் கேட்கலாம். பலிக்கும் என்பதை இவ்வாண்டு நாங்கள் ஒரு மேசையைச் சுற்றி அமர்ந்தே கற்றுக்கொண்டோம். ஒரு விதியில் ஒரே ஓர் எண்ணை மாற்றினோம். அதனால் ஓர் அருமைத் தோழியை இழக்கும் நிலைக்கு வந்தோம். அந்த எண் செய்த வேலையைக் கணக்கிட்டுப் பார்த்ததே இக்கட்டுரை.

சதுரங்கம் சொல்லும் பாடம்

எல்லோரும் அறிந்த சதுரங்கத்திலிருந்து தொடங்குவோம். இந்தியாவில் பிறந்து, பாரசீகம், அரபு நாடுகள் வழியாக ஐரோப்பாவுக்குச் சென்ற ஆட்டம் அது. அந்தப் பழைய ஆட்டத்தில் ராஜாவின் அருகில் நின்றவர் ராணி அல்லர், மந்திரி. அவர் மூலைவாட்டில் ஒரே ஒரு கட்டம்தான் நகரலாம். பலகையின் நடுவில் நின்றாலும் அவருக்கு எட்டியவை 4 கட்டங்களே. ஆங்கிலேயர் 'பிஷப்', அதாவது ஆயர், என்று அழைக்கும் காய் அக்காலத்தில் மூலைவாட்டில் சரியாக இரண்டாம் கட்டத்துக்குத் தாவும். அதற்கு மேல் போகாது.

15-ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஐரோப்பாவில் இவ்விரு காய்களின் வீச்சும் மாறியது. மந்திரி ராணியானார், எல்லாத் திசையிலும் தடையின்றி எவ்வளவு தூரமும் செல்லலானார். நடுக்கட்டத்தில் நிற்கும் ராணிக்கு எட்டும் கட்டங்கள் 27. நாலு எங்கே, இருபத்தேழு எங்கே! 1497-ஆம் ஆண்டு ஸ்பெயின் நாட்டு சலமன்காவில் லூசேனா என்பவர் அச்சிட்ட சதுரங்க நூலில் பழைய விதிப்படியும் புதிய விதிப்படியும் புதிர்கள் உள்ளன. இரு முறைகளும் அப்போது அருகருகே வழங்கின என்பதற்கு அது சான்று.

இம்மாற்றத்தின் விளைவுகளைக் கவனியுங்கள். மெதுவாக நடந்த ஆட்டம் விரைவானது. கவனமின்றி ஆடுபவர் எதிரியின் இரண்டாம் நகர்த்தலிலேயே தோற்கலாம் என்ற நிலை வந்தது. மறுகரை சேரும் சிப்பாய் முன்பு ஒரு கட்டம் நகரும் எளிய மந்திரியாக மாறியது. இப்போதோ வல்லமை மிக்க ராணியாக மாறியது. சிப்பாயின் நடையை இதற்காக யாரும் மாற்றவில்லை; ஆயினும் அதன் மதிப்பு உயர்ந்தது. ராஜாவுக்குக் கூடுதல் பாதுகாப்புத் தேவைப்பட்டது. இன்று நாம் 'கோட்டை கட்டுதல்' என்று சொல்லும் நகர்த்தல் அடுத்து வந்த காலத்தில்தான் இன்றைய வடிவத்தை அடைந்தது.

ஒரு காயின் வீச்சை மாற்றுவது அந்தக் காயை மட்டும் மாற்றுவதன்று. பலகையில் உள்ள எல்லாக் காய்களையும் மாற்றுவதாகும். இதை மனத்தில் இருத்திக்கொண்டு எங்கள் விளையாட்டுக்கு வருவோம்.

மேசையில் ஆடும் கதை

'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' என்பது 1974-ஆம் ஆண்டு அமெரிக்காவில் வெளிவந்த கதை விளையாட்டு. இதை உருவாக்கியவர்கள் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னெசன் என்னும் இருவர். ஆட்டத் தலைவி ஒருத்தி கதையை நடத்துவாள். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரம் ஏற்பார்கள்: ஒருத்தி கேடயம் தாங்கிய வீராங்கனை, ஒருத்தி மந்திரவாதி, ஒருத்தி காயம் ஆற்றுபவள். எல்லோரும் சேர்ந்து ஒரே அணி. பகடை உருட்டி வெற்றி தோல்வி காண்பதுண்டு. ஆனால் தோழியைத் தோழி தோற்கடிப்பதில்லை.

மந்திரம் என்ற சொல்லைக் கண்டு பெற்றோரும் அருட்சகோதரிகளும் கலங்க வேண்டாம். சதுரங்கக் குதிரைக்கு எப்படிப் புல் தேவையில்லையோ, அப்படியே எங்கள் மந்திரவாதிக்கும் மந்திரம் தெரியாது. அவளுக்குத் தெரிந்தவையெல்லாம் கூட்டலும் பெருக்கலுமே. விதிநூலில் 'மந்திரம்' என்பது, இன்ன தூரம் எட்டும், இத்தனை பகடை உருட்டலாம் என்று எழுதப்பட்ட ஒரு வரி, அவ்வளவுதான்.

அவ்வரியில் வரும் தூரத்தையே நாம் வீச்சு என்கிறோம். 2014-ஆம் ஆண்டு வெளிவந்த ஐந்தாம் பதிப்பு விதிகளின்படி ஒரு சுற்று என்பது 6 நொடி. மனிதப் பாத்திரம் ஒரு சுற்றில் 30 அடி நடக்கலாம். 'நெருப்புப் பந்து' 150 அடி எட்டும். எதிரியின் மந்திரத்தைத் தடுக்கும் 'எதிர்மந்திரம்' 60 அடி எட்டும். சில மந்திரங்களுக்கு வீச்சே இல்லை, தொட்டால்தான் பலிக்கும்.

நாங்கள் செய்த மாற்றம்

எங்கள் மேசையில் மந்திரவாதியாக இருந்தவள் ஒரு குறை சொன்னாள். "எதிரி கண்ணுக்குத் தெரிகிறான், ஆனால் எட்டவில்லை. சுற்றுச் சுற்றாகக் காத்திருக்கிறேன்" என்றாள். அது நியாயமான குறையே. ஆட்டத் தலைவி இரக்கப்பட்டு, "இன்று முதல் எல்லா மந்திரங்களுக்கும் வீச்சு இரண்டு மடங்கு" என்று அறிவித்தாள். எல்லோரும் கைதட்டினோம். கேடயம் தாங்கியவளும் கைதட்டினாள்.

முதல் நாள் ஆட்டம் அமர்க்களமாக நடந்தது. இரண்டாம் நாள் ஏதோ குறைந்தது போலிருந்தது, என்னவென்று தெரியவில்லை. மூன்றாம் நாள் கேடயம் தாங்கியவள் தன் குறிப்பேட்டை மூடி வைத்துவிட்டு, "எனக்கு இங்கே என்னடி வேலை?" என்று கேட்டாள். எவருக்கும் விடை தெரியவில்லை. அடுத்த முறை அவள் வரவில்லை.

கோபம் என்று முதலில் நினைத்தோம். பிறகு தாளும் பென்சிலும் எடுத்துக் கணக்குப் போட்டோம். அவள் கேட்டது சரியான கேள்வி என்று அப்போதுதான் புரிந்தது.

முதற்கணக்கு: நேரம்

எதிரி 120 அடி தொலைவில் நிற்கிறான் என்று கொள்வோம். ஒவ்வொரு சுற்றிலும் முதலில் மந்திரவாதி செயல்படுகிறாள். பிறகு எதிரி 30 அடி நெருங்குகிறான். அவளது மந்திரத்தின் வீச்சு 60 அடி. எதிரி 120 அடியில் இருக்கும்போது எட்டாது. 90 அடியிலும் எட்டாது. 60 அடியில் ஒருமுறை, 30 அடியில் ஒருமுறை, ஆக 2 முறை அவள் தாக்கலாம். அதன்பின் எதிரி அருகில் வந்துவிடுவான். அப்போது முன்னே நின்று தடுப்பவள் கேடயம் தாங்கியவள்.

வீச்சு 120 அடி ஆனால்? 120, 90, 60, 30 என்று 4 முறை தாக்கலாம். நான்கு அடி தாங்காத எதிரி வந்து சேருவதற்கு முன்பே வீழ்வான். கேடயம் தாங்கியவள் நின்ற இடத்திலேயே நிற்பாள். அவளது வாளின் வலிமையை யாரும் குறைக்கவில்லை. ஆனால் வாள் எட்டும் இடத்துக்கு எதிரி வருவதே இல்லை.

இதிலிருந்து ஒரு எளிய வாய்பாடு கிடைக்கிறது. வீச்சை எதிரியின் நடைவேகத்தால் வகுத்தால், அவன் வந்து சேருமுன் எத்தனை முறை தாக்கலாம் என்பது வரும். 60-ஐ 30-ஆல் வகுத்தால் 2. 120-ஐ 30-ஆல் வகுத்தால் 4. வீச்சு என்பது தூரம் போலத் தோன்றினாலும், உண்மையில் அது நேரம். நாங்கள் மந்திரவாதிக்குத் தூரம் கொடுத்ததாக நினைத்தோம். கொடுத்ததோ இரண்டு சுற்று நேரம். அந்த நேரம் மற்றொருத்தியிடமிருந்து எடுக்கப்பட்டது.

இரண்டாம் கணக்கு: இடம்

அப்படியானால் முதல் நாளே ஏன் தெரியவில்லை? அதற்கும் கணக்கில் விடை உண்டு. முதல் நாள் கதை ஒரு கோட்டையின் உள்ளறையில் நடந்தது. சதுரங்கப் பலகையைத்தான் அறையாக வைத்துக்கொண்டோம். ஒரு கட்டம் 5 அடி என்றால் 8 கட்டம் 40 அடி. 40 அடிச் சதுர அறையின் மூலைவிட்டம் ஏறத்தாழ 56½ அடி. ஆகவே 60 அடி வீச்சே ஒரு மூலையிலிருந்து எதிர்மூலை வரை எட்டிவிடும். அதை 120 ஆக்கினாலும் அறைக்குள் ஒரு மாற்றமும் இல்லை!

மூன்றாம் நாள் கதை வெட்டவெளியில் நடந்தது. அங்கே வீச்சு இரு மடங்கானால், எட்டும் நிலப்பரப்பு நான்கு மடங்காகும்; வட்டத்தின் பரப்பு ஆரத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது என்று வகுப்பில் படித்திருக்கிறோம் அல்லவா? 60 அடி ஆரத்துக்கு ஏறத்தாழ 11,300 சதுர அடி. 120 அடி ஆரத்துக்கு ஏறத்தாழ 45,200 சதுர அடி. அறையில் சாதுவாக இருந்த விதி, வெளியில் சிங்கமாகிவிட்டது. ஒரே இடத்தில் சோதித்துவிட்டு விதி நல்லது என்று முடிவு கட்டுவது எவ்வளவு தவறு!

இவ்விளையாட்டை அமைத்தவர்களும் இதை எண்ணிப் பார்த்திருக்கிறார்கள். 1978-ஆம் ஆண்டு வெளிவந்த விளையாடுவோர் கையேட்டில் வீச்சு அங்குலத்தில் குறிக்கப்பட்டது. கட்டடத்துக்குள் ஓர் அங்குலம் 10 அடி. வெளியில் 10 கஜம், அதாவது 30 அடி. அம்புக்கும் மந்திரத்துக்கும் வெளியிடத்தில் வீச்சு மும்மடங்காயிற்று. ஆனால் மந்திரம் விழுந்த இடத்தில் பரவும் அளவு, வெளிப்படையாகச் சொல்லப்பட்டாலொழிய, மும்மடங்காகாது. ஏன் தெரியுமா? 20 அடி ஆரமுள்ள நெருப்பு 60 அடி ஆரமாகியிருந்தால், அது மூடும் நிலம் 9 மடங்காகியிருக்கும். ஒரே மந்திரம் ஒரு படையையே அழித்திருக்கும்.

மூன்றாம் கணக்கு: இரட்டிப்பின் மாயம்

"எல்லா மந்திரத்துக்கும் ஒரே மாதிரி இரண்டு மடங்குதானே? அதில் சமநிலை எப்படிக் கெடும்?" என்று எங்களில் ஒருத்தி வாதிட்டாள். கேட்பதற்குச் சரியாகவே இருக்கிறது. ஆனால் இரண்டு இடங்களில் அது பிழைபடுகிறது.

முதலாவது, விகிதம் மாறாவிட்டாலும் இடைவெளி மாறுகிறது. நெருப்புப் பந்து 150 அடி, எதிர்மந்திரம் 60 அடி; இடைவெளி 90 அடி. தடுக்க விரும்புபவள் அந்த இடைவெளியைக் கடக்க 3 சுற்று நடக்க வேண்டும். இரண்டையும் இரட்டித்தால் 300 அடி, 120 அடி. இடைவெளி 180 அடி. இப்போது 6 சுற்று நடக்க வேண்டும். மந்திரம் இரட்டித்தது, கால்கள் இரட்டிக்கவில்லை.

இரண்டாவது, சுழியத்தை இரட்டித்தால் சுழியமே. தொட்டால் மட்டும் பலிக்கும் மந்திரத்தின் வீச்சை எத்தனையால் பெருக்கினாலும் தொடத்தான் வேண்டும். எனவே 'எல்லோருக்கும் இரு மடங்கு' என்ற அறிவிப்பு, தொட்டுச் செயல்படுபவளுக்கு எதையும் தரவில்லை. எல்லோருக்கும் சமமாகக் கொடுத்தோம் என்று நாம் சொல்லிக்கொள்ளும் பல இடங்களில், ஒருவருடைய கை வெறுமையாகவே இருப்பதுண்டு.

தொட்டு ஆற்றுதலும் சொல்லால் ஆற்றுதலும்

காயம் ஆற்றும் இரண்டு மந்திரங்களை ஒப்பிட்டால் வீச்சின் உட்பொருள் இன்னும் தெளிவாகும். 2014 விதிகளில் 'காயம் ஆற்றுதல்' என்பதற்கு 8 முகப் பகடை ஒன்று, சராசரி 4½. ஆனால் அருகில் சென்று தொட வேண்டும். 'குணமாக்கும் சொல்' என்பதற்கு 4 முகப் பகடை ஒன்று; சராசரி 2½. ஆனால் 60 அடி தொலைவிலிருந்தே சொல்லலாம். அந்தச் சுற்றில் வேறொரு செயலுக்கும் இடமுண்டு.

தூரத்திலிருந்து செய்யும் உதவி சிறியது. ஆபத்தைக் கடந்து அருகே சென்று செய்யும் உதவி பெரியது. நடந்து செல்வதுதான் அந்தப் பெரிய உதவிக்குக் கொடுக்கும் விலை. அதற்கும் 60 அடி வீச்சுக் கொடுத்துவிட்டால், காயம் ஆற்றுபவள் தன் இடத்தைவிட்டு அசைய வேண்டியதில்லை. வீழ்ந்த தோழியை நோக்கி ஓடும் அந்த அரிய நேரம் கதையிலிருந்து மறைந்துவிடும். 2024-ஆம் ஆண்டு இவ்விதிகள் திருத்தப்பட்டபோது இரு மந்திரங்களுக்கும் பகடை ஒன்றுக்கு இரண்டானது. வீச்சு மட்டும் மாறவில்லை: ஒன்று இன்றும் தொடுதல், மற்றது 60 அடி.

பதிப்பாளர் செய்த மாற்றங்கள்

மாற்றவே கூடாது என்று நாங்கள் சொல்லவில்லை. விளையாட்டை வெளியிடுவோரே பலமுறை மாற்றியிருக்கிறார்கள். ஐந்தாம் நிலை மந்திரவாதியின் நெருப்புப் பந்தையே எடுத்துக்கொள்வோம். 1978 விதியில் 15 அங்குலம். அதாவது உள்ளே 150 அடி, வெளியே 450 அடி. 2000-ஆம் ஆண்டு மூன்றாம் பதிப்பில் அவளுக்கு 600 அடி. 2008-ஆம் ஆண்டு நான்காம் பதிப்பில் 20 கட்டம், அதாவது 100 அடி. 2014-இல் மீண்டும் 150 அடி. ஆனால் ஒவ்வொரு முறையும் ஒரே எண்ணை மட்டும் மாற்றவில்லை. தாக்கும் அளவு, தாங்கும் அளவு முதலிய விதிகளையும் கூடவே திருத்தினார்கள். நாங்கள் செய்த பிழை, செங்கல் ஒன்றை உருவிவிட்டுச் சுவர் அப்படியே நிற்கும் என்று எதிர்பார்த்ததே.

சரிசெய்த விதம்

பிழை தெரிந்ததும் உடனே பழைய விதிக்குத் திரும்பிவிட்டோம் என்று சொல்ல ஆசைதான். உண்மை அதுவன்று. கொடுத்ததைத் திரும்பக் கேட்க எவருக்கும் மனமில்லை. எனவே ஒட்டுப் போடத் தொடங்கினோம்.

எதிரிகளின் மந்திரத்துக்கும் இரு மடங்கு வீச்சுக் கொடுத்துப் பார்த்தோம். எதிரியை நோக்கி ஓடும் வீராங்கனை முன்பு 2 சுற்று தாக்குதலைத் தாங்கினாள். இப்போது 4 சுற்று தாங்க வேண்டியதாயிற்று. அவளுக்கு உதவப்போய் அவளையே மேலும் வருத்தினோம். எதிரியை இன்னும் தூரத்தில் நிறுத்திப் பார்த்தோம். வீச்சுக்கு வெளியே அவன் எவ்வளவு தூரத்தில் நின்றாலும், உள்ளே வந்தபின் அதே 4 சுற்றுதான். நடைவேகத்தையும் இரட்டித்துப் பார்த்தோம். எல்லாம் பழைய விகிதத்துக்கே வந்தது. எண்கள் மட்டும் பெரிதாயின!

கடைசியில் வழி விதிநூலிலேயே இருந்தது. அதில் ஒருவகை மந்திரவாதி, தன்னிடமுள்ள சில புள்ளிகளில் ஒன்றைச் செலவிட்டு, ஒரு மந்திரத்தின் வீச்சை ஒரு முறை மட்டும் இரட்டிக்கலாம். தொடும் மந்திரமானால் அது 30 அடி எட்டும். சுழியத்தின் சிக்கலை விதி எழுதியவர் மறக்கவில்லை! நாங்களும் பழைய வீச்சுக்குத் திரும்பி, இந்த வசதியை எங்கள் மந்திரவாதிக்கும் காயம் ஆற்றுபவளுக்கும் ஆளுக்கு நாளொன்றுக்கு இரண்டு முறை என்று அளவோடு கொடுத்தோம். இப்போது தூரம் இலவசமன்று. அதற்கு விலை உண்டு. எப்போது செலவிடுவது என்று யோசிப்பதே தனிச் சுவையாயிற்று.

விதியை மாற்ற விரும்பும் தோழியருக்கு

நாங்கள் பட்டறிந்த நான்கு கேள்விகளை இங்கே தருகிறோம்.

1. இம்மாற்றத்தால் யாருக்கு நேரம் கூடுகிறது, யாருக்குக் குறைகிறது?
2. சிறிய அறை, வெட்டவெளி என்று இரண்டு இடங்களிலும் சோதித்தோமா?
3. இதனோடு சேர்ந்து மாற வேண்டிய விதி எது? மாறாமல் நிற்பது எது?
4. இம்மாற்றத்தால் எதுவும் பெறாதவளிடம் முதலில் கேட்டோமா?

நான்காம் கேள்வியே தலையாயது என்போம். நாங்கள் விதியை மாற்றிய அன்று குறை சொன்னவளை மட்டும் கேட்டோம், கைதட்டியவளைக் கேட்கவில்லை. மகிழ்ச்சியோடு கைதட்டுகிறவர்கள் எல்லோரும் பயனடைகிறவர்கள் அல்லர். சிலர் நம் மகிழ்ச்சிக்காகக் கைதட்டுகிறார்கள்.

கணக்கு முடிந்ததும் அந்தத் தாளை எடுத்துக்கொண்டு தோழியிடம் சென்றோம். இரண்டும் நாலும் எழுதியிருந்த வரியை அவள் நெடுநேரம் பார்த்தாள். "நான் நன்றாக ஆடவில்லையோ என்றுதான் நினைத்தேன்" என்றாள். தவறு அவளிடம் இல்லை, நாங்கள் எழுதிய எண்ணில்தான் என்று சொன்னோம். அடுத்த ஆட்டத்துக்கு அவள் வந்தாள். கோட்டை வாயிலில் கேடயத்தை ஊன்றி நின்றாள். 60 அடியில் ஒன்று, 30 அடியில் ஒன்று என்று மந்திரவாதி இரண்டு முறை தாக்கினாள். எதிரி வந்து சேர்ந்தான். இப்போது பகடை அவள் கையில் இருந்தது.